போதையிலிருந்து மீள்வோரைத் தாங்கும் ஜமாஅத்: கடமலைக்குண்டு வட்டாரத்திற்கு ஒரு வழிகாட்டி

மது ஹராம் என்பதை அறியாதவர் நம் மஹல்லாக்களில் யாரும் இல்லை. ஆனாலும் குடிப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கஞ்சா புகைக்கும் இளைஞர்களும், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். போதையின் தீமைகளை ஜும்ஆ மேடைகளில் கேட்கிறோம். ஆனால் போதையை விட்டுவிட நினைக்கும் ஒருவர் நாளைக் காலையில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கடமலைக்குண்டு, வருசநாடு, ஆண்டிபட்டி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதி வாசகர்களை மனத்தில் வைத்து, அந்தக் கேள்விக்கான விடையை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சிகிச்சைக்கு வருபவர் ஏன் குறைவு?

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019இல் வெளியானது. நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்றும், அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுகிறது என்றும் அது கணக்கிட்டது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மற்ற 37 பேரும் வீட்டுக்குள்ளேயே போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

தூரம், செலவு, வெட்கம் என இதற்குக் காரணங்கள் பல. முஸ்லிம் குடும்பங்களில் வெட்கமே எல்லாவற்றிலும் பெரிய தடையாக நிற்கிறது. 'அத்தா குடிக்கிறார்' என்று வெளியே தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாது என்று தாய் அஞ்சுகிறார். பள்ளிவாசலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று குடிப்பவர் அஞ்சுகிறார். அதனால் முதலில் ஜும்ஆவுக்கு வருவதை நிறுத்துகிறார், பிறகு சொந்தபந்த வீடுகளுக்குப் போவதையும் நிறுத்துகிறார். கடைசியில் அவருக்கு மிஞ்சுவது குடிக்கும் கூட்டாளிகள் மட்டுமே. போதையை விட வேண்டுமென்றால் அந்த ஒரே கூட்டத்தையும் அவர் விட வேண்டியிருக்கிறது. அப்போது அவருக்கு இன்னொரு கூட்டம் தேவை.

மார்க்கம் கற்றுத்தரும் அணுகுமுறை

மதுத் தடை ஒரே நாளில் வந்துவிடவில்லை. மதுவில் இருக்கும் சிறு பயனைவிடப் பாவமே பெரிது என்று அல்பகரா 219ஆம் வசனம் உணர்த்தியது. போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்று அந்நிஸா 43ஆம் வசனம் தடுத்தது. அல்மாயிதா 90, 91ஆம் வசனங்கள் முழுத் தடையை அறிவித்தன. அறிவிப்பு வந்தபோது அபூ தல்ஹா (ரலி) வீட்டில் மது பரிமாறிக்கொண்டிருந்த அனஸ் (ரலி), அது மதீனாவின் தெருக்களில் கொட்டப்பட்ட செய்தியை அறிவிக்கிறார். ஓர் ஊரே சேர்ந்து ஒரே நேரத்தில் நிறுத்தியது. இரவில் அழைத்துப்போகக் குடிக்கும் நண்பன் யாரும் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகும் தவறியவர்கள் இருந்தார்கள். நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைக்கும் வழக்கமுடைய அப்துல்லாஹ் என்ற தோழர், குடித்ததற்காகப் பலமுறை தண்டனைக்குக் கொண்டுவரப்பட்டார். எரிச்சலடைந்த ஒருவர் அவரைச் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அந்தச் சாபத்தைத் தடுத்தார்கள். அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் அவர் என்று அறிவித்தார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ளது. தண்டனை நடந்தது, குற்றம் குற்றமென்றே சொல்லப்பட்டது. ஆனால் அந்த மனிதர் ஜமாஅத்தை விட்டு வெளியேற்றப்படவில்லை. சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவக் கூடாது என்ற எச்சரிக்கையும் இது போன்ற ஒரு சம்பவத்தில்தான் வருகிறது.

நூறு கொலைகள் செய்தவரைப் பற்றிய ஹதீஸும் நமக்குத் தெரிந்ததே. அவருக்குத் தவ்பா உண்டு என்று சொன்ன அறிஞர், அதோடு நிறுத்தவில்லை. தீய ஊரை விட்டு நல்லவர்கள் வாழும் ஊருக்குப் போகும்படியும் சொன்னார். தவ்பாவுக்குச் சூழல் மாற்றமும் நல்லவர்களின் துணையும் தேவை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

முதல் நிறுத்தம் மருத்துவமனை

ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் ஏறும். கவனிக்காமல் விட்டால் மரணமும் நேரலாம். மருத்துவமனையில் உரிய மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து இந்த நாட்களைப் பாதுகாப்பாகக் கடக்க வைப்பார்கள்.

ரமலான் பிறை தெரிந்தவுடன் குடியை விட்டு நோன்பு வைக்கத் தொடங்குபவர்கள் நம்மிடையே உண்டு. அந்த நிய்யத் போற்றத்தக்கது. ஆனால் கடும் குடிப்பழக்கம் உள்ளவருக்கு முதல் சில நோன்புகள் ஆபத்தான நாட்கள். தண்ணீரும் இல்லாமல் நடுக்கத்தோடு இருப்பவரை 'பொறுத்துக்கொள்' என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் தந்திருக்கும் சலுகை பற்றி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னோர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டிலோ டீயிலோ 'குடியை நிறுத்தும் மருந்து' கலந்து கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. டைசல்ஃபிரம் என்ற மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு ஏற்படும். உயிரும் போகலாம். நோயாளியின் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே தர வேண்டிய மருந்து அது. பெயர் தெரியாத பொடிகளை வாங்கவே வேண்டாம்.

எங்கே போவது?

கடமலைக்குண்டிலிருந்து கண்டமனூர் வழியாக வந்தால் மதுரை-தேனி சாலையில் க.விலக்கு வரும். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. மனநலப் பிரிவில் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை கேட்கலாம். அவ்வளவு தூரம் உடனே போக முடியாதவர்கள் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எப்போது வருகிறார் என்று கேட்டறியலாம். 2025இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியிருக்கிறது.

நேரில் போகத் தயங்குபவர்கள் தொலைபேசியில் தொடங்கலாம். 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். 14416 மனநல ஆலோசனைக்கான எண், தமிழிலேயே பேசலாம். போதைப்பொருள் விற்பனை பற்றிப் புகார் சொல்ல 10581 என்ற எண் இருக்கிறது.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால் சில விஷயங்களைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் போதை சார்ந்த மனநலப் பாதிப்புகளுக்கும் பொருந்தும். அதன்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். மருத்துவர் வருகிறாரா, குடும்பத்தார் பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். அடித்துத் திருத்துவோம் என்று சொல்லும் இடத்தில் யாரையும் விடாதீர்கள்.

கஞ்சா வழக்கு பயத்தால் சிகிச்சையைத் தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போனாலே வழக்கு வரும் என்பது தவறான எண்ணம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, உட்கொண்டது அல்லது சிறு அளவு வைத்திருந்தது தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்டவர் தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். வழக்கு உள்ளவர்கள் வழக்கறிஞரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே நோய் கண்டவர்களின் கூட்டம்

மருத்துவமனையில் இருப்பது சில வாரங்கள்தான். அதற்குப் பிறகு வரும் ஆண்டுகளுக்குத் துணையாக இருப்பவை சுய உதவிக் குழுக்கள். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935இல் பில், பாப் என்ற இரு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்து குடியை விட்டார்கள். அங்கிருந்து பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. இயக்கம். கட்டணம் கிடையாது, முழுப் பெயர் கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பமே உறுப்பினர் தகுதி. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951இல் அல்-அனான் தொடங்கியது. பிற போதைகளுக்கு நார்கோடிக்ஸ் அனானிமஸ் இருக்கிறது. சிறிய ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால், தயங்குபவர்கள் வெளியூர்க் கூட்டத்துக்குப் போகலாம்.

முஸ்லிம்களுக்கு இங்கே இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. முதலாவது, இது வேறு மதத்தின் அமைப்பா? ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. ஆனால் அதன் 12 படிகளில் இறைவன் பற்றிய பேச்சு பொதுவான சொற்களில் வருகிறது. அதைத் தவ்ஹீதின் மொழியில் அமைத்துக்கொள்ள விரும்பிய அமெரிக்க முஸ்லிம்கள் 1989இல் பால்டிமோர் நகரில் 'மில்லத்தி இஸ்லாமி' என்ற குழுவைத் தொடங்கினார்கள். அதே படிகளை அல்லாஹ்விடம் சரணடைதல், தவ்பா, பாதிக்கப்பட்டவர்களின் உரிமையைத் திருப்பித் தருதல் என்ற வரிசையில் அவர்கள் பின்பற்றுகிறார்கள். தமிழகத்திலும் ஆலிம்களும் மருத்துவர்களும் சேர்ந்தால் இதைச் செய்ய முடியும்.

இரண்டாவது கேள்வி, பாவத்தை மறைக்கச் சொல்லும் மார்க்கத்தில் அதைக் கூட்டத்தில் சொல்லலாமா? பாவத்தைப் பெருமையாகப் பரப்புவது கண்டிக்கப்பட்டிருக்கிறது. மருந்து தேடி மருத்துவரிடமும் அதே நோயிலிருந்து மீண்டவரிடமும் நிலையைச் சொல்வது அதிலிருந்து வேறுபட்டது. செய்த ஒவ்வொன்றையும் விவரிக்கத் தேவையில்லை. 'என்னால் தனியாக நிறுத்த முடியவில்லை' என்பதைச் சொன்னால் போதும். ஐயமுள்ளவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

மஞ்சக்குடி தரும் பாடம்

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், சென்னையில் 1980இல் டி.டி.ரங்கநாதன் பெயரில் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். இந்தப் பணிக்காக 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த அமைப்பு நகரத்தில் மட்டும் காத்திருக்கவில்லை. டெல்டா பகுதியின் மஞ்சக்குடி கிராமத்துக்கே மருத்துவக் குழு போய், முகாம் நடத்தியது. ஊரிலேயே இடம், ஊராரின் ஒத்துழைப்பு, குடும்பத்தாருக்கும் ஆலோசனை, முகாம் முடிந்தபின் தொடர் கவனிப்பு என்று அது நடந்தது. அதனால் சிகிச்சை பெற்றவர் வீடு திரும்பும்போது அவரை எப்படி நடத்த வேண்டும் என்பது ஊருக்கும் தெரிந்திருந்தது. கட்டடமும் ஜமாஅத் அமைப்பும் வாரந்தோறும் கூடும் மக்களும் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால், இப்படி ஒரு முகாமுக்கான ஏற்பாட்டில் பாதி தயாராகவே இருக்கிறது.

பள்ளிவாசல் நிர்வாகம் செய்யக்கூடியவை

ரகசியம் காக்கும் இருவரைப் பொறுப்பாளர்களாக நியமிக்கலாம். உதவி கேட்டு வருபவரின் பெயர் நிர்வாகக் கூட்டத்துக்குக்கூடப் போகக் கூடாது. மருத்துவமனைக்கு முதல்முறை போகும் நாளில் அவர்களில் ஒருவர் உடன் போக வேண்டும். பலர் மனம் மாறித் திரும்புவது அந்தப் பேருந்துப் பயணத்தில்தான்.

மாலை நேரமும் கூலி கிடைக்கும் நாளும் சோதனையானவை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் கூட இருக்க ஒருவரை ஏற்பாடு செய்யலாம். இலவம் தோப்பிலோ ஏலத் தோட்டத்திலோ வேலை செய்பவரின் கூலியைச் சிறிது காலம் அவர் சம்மதத்தோடு மனைவியிடம் சேர்க்கச் சொல்லலாம்.

சிகிச்சை நாட்களில் வீட்டில் வருமானம் நின்றுவிடும். அரிசி, வாடகை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்கு பைத்துல்மாலிலிருந்து உதவலாம். ஜகாத் நிதியை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதை உலமாக்களிடம் கேட்டு முடிவெடுக்கலாம். மதரஸா கட்டடத்தில் வாரம் ஒரு மாலை குழுக் கூட்டத்துக்கு இடம் தரலாம். பக்கத்துத் தெரு இந்து, கிறித்தவச் சகோதரர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கட்டும். பெண்களுக்கு ஆலிமா ஒருவர் வழியாகத் தனி ஏற்பாடு வேண்டும்.

குடும்பத்தாருக்கு

குடித்திருக்கும்போது விவாதிக்க வேண்டாம், காலையில் பேசுங்கள். கடனை அடைப்பது, முதலாளியிடம் பொய் சொல்லிக் காப்பாற்றுவது இரண்டும் நோயை நீட்டிக்கும். அடி உதை இருந்தால் பொறுமை என்ற பெயரில் சகித்திருக்க வேண்டியதில்லை. பெண்களுக்கான உதவி எண் 181. மனைவியின், பிள்ளைகளின் பாதுகாப்பே முதலாவது.

மீண்டும் தவறினால்

முதல் சில மாதங்களில் பலர் ஒருமுறையாவது தவறுகிறார்கள். பசி, கோபம், தனிமை, சோர்வு என்ற நான்கும் சேரும் நேரத்தில் கவனம் தேவை என்று குழுக்களில் சொல்வார்கள். தவறிய அன்றே மருத்துவரையோ துணையாக இருப்பவரையோ அழைத்துவிட்டால் அது ஒரு நாளோடு முடியும். 'இவன் திருந்த மாட்டான்' என்று ஊர் சொல்லிவிட்டால் அது பல ஆண்டுகளாக நீளும். அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க அடியானுக்கே அனுமதி இல்லாதபோது, பிறர் விஷயத்தில் நம்பிக்கை இழக்க நமக்கு ஏது உரிமை?

நீண்ட நாளாகப் பள்ளிவாசல் பக்கம் வராத ஒருவரின் முகம் இதைப் படிக்கும்போது நினைவுக்கு வந்தால், இந்த வாரமே அவர் வீட்டுக்குச் சென்று ஸலாம் சொல்லுங்கள். அறிவுரை எதுவும் வேண்டாம், நலம் விசாரித்தாலே போதும். போதையில் சிக்கியவர்களுக்கு அல்லாஹ் முழு ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைத் தாங்கிப் பிடிக்கும் மனதை நமக்கும் தருவானாக. ஆமீன்.