பால் மரம் ஆய்வுக்கூடம் சென்ற கதை



நம் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "நான் பெரியவளானதும் மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வேன் சார்" என்றாள். பக்கத்தில் நின்ற அவள் பாட்டி சிரித்துக்கொண்டே, "நாம பால் வெட்டுன கூட்டம். நமக்கும் அதுக்கும் என்னா வாத்தியாரே சம்பந்தம்?" என்று கேட்டார். அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. பின்னர் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். சம்பந்தம் இல்லை என்று சொல்லவே முடியாது என்று தெரிந்தது. அந்த வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

1876ஆம் ஆண்டு ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு போனார். முளைத்தவை சுமார் 2,700தான். மறு ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கன்றுகள் நமது பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. பின்பு சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவர் ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவித் தினம் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். காடுகள் தோட்டங்களாயின. நம் முன்னோர் கப்பலேறி வந்தனர்.

ஆனால் ஒரு குறை இருந்தது. விதையில் முளைத்த மரங்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. ஒரு மரம் மங்கு நிறையப் பால் கொடுக்கும். பக்கத்து மரம் அடியில் மட்டும் நனைக்கும். நல்ல மரத்தின் மொட்டை எடுத்து வேறு கன்றில் ஒட்டுக் கட்டும் முறை ஜாவாவில் வந்த பிறகுதான் ஒரே குணமுள்ள மரங்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்க முடிந்தது.

1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் அமைந்தது. அங்கு நடந்த வேலையைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். ரப்பர் பூ மிகச் சிறியது. உயரத்தில் பூக்கும். ஏணி வைத்து ஏறி, ஆண் பூவின் மகரந்தப் பகுதியைச் சின்னஞ்சிறு இடுக்கியால் எடுத்து, பெண் பூவுக்குள் வைத்து, பஞ்சால் மூடிவிட வேண்டும். அப்படி நூறு பூக்களுக்குச் செய்தால் நாலைந்துகூடக் காயாவதில்லை. காய்த்த விதையை முளைக்க வைத்து, மரமாக்கி, பல வருஷம் பால் வெட்டிக் கணக்கெழுதினால்தான் அது நல்ல ரகமா என்று தெரியும். திட்டம் போட்டவர் அதிகாரி. ஏணியில் ஏறியதும் கன்றுக்கு நீர் ஊற்றியதும் பால் அளந்ததும் தொழிலாளியின் கை. ரகத்திற்கு எண் கொடுத்தார்கள். நான் படித்த புத்தகங்களில் அந்தக் கைகளுக்குப் பெயர் இல்லை.

இப்படிப் பிறந்ததுதான் புகழ்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600. அதன் தாய் ஜாவாவின் 'ஜிர் 1'. தந்தை பிராங் பெசார் தோட்டத்தின் 'பி.பி. 86'. அந்தத் தோட்டம் இருந்த மண்ணில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. 1966இல் அக்கழகத்தின் இயக்குநர் ஆனவர் டாக்டர் பி.சி. சேகர். அவரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவரே என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது.

இனி மரபணுவுக்கு வருவோம். தோட்டத்துக் கிராணியிடம் செக்ரோல் புத்தகம் இருக்குமல்லவா? இன்றைக்கு யார், எங்கே, என்ன வேலை என்று அதில் எழுதியிருக்கும். அதுபோல ஒவ்வொரு உயிரணுவிலும் கட்டளைப் புத்தகம் ஒன்று உண்டு. அதன் ஒவ்வொரு கட்டளையும் ஒரு மரபணு. 1994இல் பி. ஆரோக்கியராஜ் என்ற ஆராய்ச்சியாளரும் அவர்தம் குழுவினரும் ரப்பர் மரத்திற்குள் வெளி மரபணுவைச் செலுத்திக் காட்டிய செய்தி அறிவியல் ஏட்டில் வெளிவந்தது. பின்னர் 2002இல், மனித இரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தையே ரப்பர் மரத்தில் உண்டாக்கிய ஆய்வையும் வெளியிட்டனர். பால் மரம் மருந்துக்கும் உதவலாம் என்ற எண்ணம் அப்படி வளர்ந்தது.

2013இல் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம், ரப்பர் மரத்தின் கட்டளைப் புத்தகத்தை முதன்முறையாகப் படித்து வரைவாக வெளியிட்டது. வங்காளதேசத்து அறிஞர் மக்சூதுல் ஆலம் அதில் முன் நின்றார். எந்த மரத்தைப் படித்தார்கள் தெரியுமா? அதே ஆர்.ஆர்.ஐ.எம். 600ஐத்தான்! ஒட்டுக் கட்டிய மரங்கள் அத்தனையும் ஒரே புத்தகம் உடையவை. ஆகவே அந்த ரகத்தை வெட்டிய நம் பாட்டிகள், பேராசிரியர்கள் படித்த அதே புத்தகத்தின் பக்கத்தில் தினமும் விடியலில் நின்றவர்கள்.

படித்தால் போதுமா? பிழை திருத்த வேண்டுமே! அதற்கு 'கிரிஸ்பர்' என்னும் கத்தரி வந்தது. அதைக் கண்ட ஷார்பென்டியே, டௌட்னா என்ற இரு பெண்மணிகளுக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. வெளி மரபணுவைச் செருகுவது ஒரு வழி. உள்ளேயிருக்கும் ஓர் எழுத்தை மாற்றுவது இந்தப் புதிய வழி. 2021இல் இந்திய ரப்பர் ஆராய்ச்சியாளர் கோட்டயத்தில் உருவாக்கிய கன்றை அசாமில் நட்டதோ முதல் வழியைச் சேர்ந்தது. குளிரையும் வறட்சியையும் தாங்க ரப்பரின் சொந்த மரபணுவையே கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள்.

இத்தகைய ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் மட்டும் இல்லை. இரவு பகல் பாராத ஆராய்ச்சி மாணவர் உண்டு. கணினியில் எழுத்தெண்ணுபவர் உண்டு. கிருமி படாமல் கண்ணாடிக் குப்பியில் இளந்திசுவை மாற்றி வைக்கும் உதவியாளர் உண்டு. கன்றைப் பழக்கி மண்ணில் நடும் தோட்டக்காரர் உண்டு. ஒருவர் கை தவறினாலும் பல மாத உழைப்பு வீண்.

பாட்டியம்மா, இப்போது பதில் சொல்கிறேன். மரத்தின் உயிர்ப்பகுதியில் உளி படாமல் மெல்லிசாகப் பட்டை சீவத் தெரிந்த கை உங்களுடையது. அந்தப் பக்குவமும் பொறுமையும்தான் அங்கேயும் வேண்டும். பேத்திக்கு உங்கள் கை இருக்கிறது. படிப்பை மட்டும் நாம் கொடுக்க வேண்டும். தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. மரம் போனாலும் அந்த அறிவு போகக் கூடாது. "நமக்கெதுக்கு?" என்ற ஒரு சொல்லால் பிள்ளையின் ஆசையைக் கிள்ளிவிடாதீர்கள். அறிவியல் பாடத்தை அவள் விரும்பினால், விட்டுவிடுங்கள், படிக்கட்டும்.

நாளைய ஆய்வேட்டில் நம் பிள்ளைகளின் பெயரும் இடம்பெறட்டும்!