எல்ல, எல்லை அல்ல

இலங்கையில் 'ராவணன் எல்ல' என்ற அருவியின் பெயரை 'ராவணன் எல்லை' என்று எழுதி, இலங்கேஸ்வரனின் ஆட்சி அதுவரைதான் என்று விளக்கமும் சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சொல் அதற்கு இடம் தரவில்லை. எல்ல சிங்களச் சொல், பொருள் அருவி. அதன் முதல் உயிர் நம் எகரம் அல்ல, கிரிக்கெட் 'பேட்' என்னும்போது வருகிற ஒலி. அதற்குத் தமிழில் எழுத்து இல்லாததால் எகரத்தில் ஒதுங்கியிருக்கிறது. பக்கத்து ஊருக்கு எல்ல என்ற பெயர் வந்ததும் அருவியால்தான். ஆகவே 'எல்ல நீர்வீழ்ச்சி' என்பது 'நடுசென்டர்' போன்ற பிரயோகம்.

குழப்பத்துக்கு அந்த ஊவா மாகாணத் தமிழின் பழக்கமும் ஒரு காரணம். சிங்கள ஊர்ப்பெயரின் கடைசி அகரத்தை ஐகாரமாக்கினால்தான் நமக்கு வாய்க்குப் பிடிக்கும். பதுல்ல பதுளையாயிற்று, பஸ்ஸர பசறையாயிற்று, லுணுகல லுணுகலையாயிற்று, பண்டாரவெல பண்டாரவளையாயிற்று. (பண்டாரவளையில் வளையலைத் தேட வேண்டாம், வெல என்றால் வயல். லுணுகலையில் இருப்பதும் கலை அல்ல, பாறை.) இந்த வரிசையில் எல்லவும் எல்லையாகியிருக்க வேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே வேறொரு தமிழ்ச்சொல் உட்கார்ந்திருந்ததால் தப்பியது என்பது என் ஊகம். தெமோதரைக்கும் பதுளைக்கும் இடையே ரயில் நிற்கும் ஹாலி-எல வேறு வகை. அங்கே ஒற்றை லகரம்தான். எல என்றால் ஓடை, வாய்க்கால். ஒரு மெய்யெழுத்து கூடினால் வாய்க்கால் அருவியாகிவிடும்.

பதுளு ஓயா 64 மீட்டர் உயரத்திலிருந்து விழும் துன்ஹிந்தவின் பெயரில் நமக்குத் தெரிந்த சொல் ஒன்று ஒளிந்திருக்கிறது. சிங்களத்தில் புகை 'தும்'; வடமொழியில் 'தூம'. தூமகேதுவில் வருகிற தூமம்தான் இது. பதுளையிலிருந்து போய்ப் படிகளும் மேடுபள்ளமுமான பாதையில் நடந்தால், கடைசி மேடையில் நிற்பதற்குள் சட்டை ஈரமாகிவிடும். விழும் நீர் அடியில் மோதிப் புகையாய்த் திரும்பி ஏறுகிறது. தர்மபுரியின் ஓகேனக்கல்லும் இதே பார்வையில் பிறந்த பெயர்தான்: கன்னட 'ஹொகெ' நம் 'புகை', கல்லோடு சேர்ந்து புகையும் கல். ஆப்பிரிக்காவின் விக்டோரியா அருவியை அவ்வூர் மக்கள் அழைப்பதும் இடிமுழங்கும் புகை என்றே. மொழிகள் மூன்று, கண் ஒன்று.

இப்போது மலையருவிகளின் பக்கம் புதுச்சொல் ஒன்று வந்திருக்கிறது: கேன்யனிங். யூட்டா, அரிசோனா பாலைநிலத்தில் திடீர் வெள்ளங்கள் மணற்பாறையை அறுத்த ஒடுங்கிய இடுக்குகளில், வழிகாட்டியின் பின்னால் கயிறு பிடித்து இறங்கும் ஒருநாள் பயணம் அங்கே பிரபலம். இலங்கையில் கித்துல்கலையில் அருவிநீரோடு இறங்குகிறார்கள். கொஸ்லாந்தைக்கு அருகில், 220 மீட்டர் தியலுமவின் தலைமாட்டில் உள்ள பாறைக் குளங்களுக்கும் வழிகாட்டிகள் கூட்டிப்போகிறார்கள்.

இந்தக் கேன்யன் ஸ்பானியச் சொல். 'கான்யோ' என்றால் குழாய், நீர் கொட்டும் தூம்பு. அதற்கும் முன்னே போனால் லத்தீனில் 'கன்னா', நாணல். உள்ளே துளையுள்ள தண்டு, அதன்வழி நீர், பிறகு நீர் போகும் மலையிடுக்கு என்று பொருள் வளர்ந்திருக்கிறது.

இது தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழகிய பொருள். மலையில் கசியும் ஊற்றைப் பாறையிடுக்கில் செருகிய மூங்கிலோ இரும்புக் குழாயோ வெளியே கொட்டுகிறது. கீழே துணி துவைக்கும் கல், பக்கத்தில் வரிசையாய் வாளிகள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் கால் கழுவும் அந்த இடம் பீலிக்கரை. மயிற்பீலி வேறு, இந்தப் பீலி நீர்த்தூம்பு. சிங்களத்தில் 'பீல்ல' என்கிறார்கள். ஸ்பானியர் குழாயிலிருந்து மலையிடுக்குக்குப் போனார்கள். நாம் குழாயோடு நின்றுவிட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

'பள்ளத்தாக்கு இறங்கல்', 'மலையிடுக்கு சாகசம்' என்றெல்லாம் விளம்பரங்களில் மொழிபெயர்க்கிறார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. கேன்யனுக்குத் தமிழ் தேடுபவர்கள் முதலில் பீலியை எடுத்துப் பார்க்கட்டும்.