நெம்புதடியும் எழுதுகோலும்

திருமுருகன்பூண்டியில் பிறந்தவர்களுக்கு உளியோசை புதிதன்று. சாலையோரச் சிற்பக்கூடங்களில் கருங்கல் தெய்வ உருவாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு நடந்தவர்கள் நாம். சிற்பியின் திறத்தை ஊர் போற்றுகிறது, அது போற்றத்தக்கதே. ஆனால் அந்தக் கல் உளியின் முன் வந்து சேர்வதற்காக, கடப்பாரையும் உருட்டுக்கட்டையும் கொண்டு அதனை அங்குலம் அங்குலமாக நகர்த்திய கைகளைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. கல்லுக்கு மட்டுமன்று, மரத்துக்கும் இதே கதைதான். பெருமரங்களை உருட்டிய கருவிகளைப் பற்றியும், அவற்றைப் பிடித்த கைகளைப் பற்றியும் நம் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில் சிறிது எழுத விழைகிறேன். என் தந்தையார் அத்தொழிலில் உழைத்தவர் என்பதும் இதற்கொரு காரணம்.

ஆனைமலை முதல் அறுவைக்குழி வரை

பொள்ளாச்சிக்குத் தெற்கே உள்ள ஆனைமலைக் காடுகள் தேக்குக்குப் பெயர் பெற்றவை. 19ஆம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் தளத்துக்கு இங்கிருந்து தேக்கு சென்றது. 1848இல் ஜேம்ஸ் மைக்கேல் என்னும் படை அதிகாரி அங்கு மரவேலையை மேற்பார்வையிட அமர்த்தப்பட்டார். 1862இல் சென்னையையும் பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதை நம் திருப்பூர் வழியாகவே ஓடிற்று. தண்டவாளத்தின் கீழ் இடும் சிலீப்பர் கட்டைகளுக்காகவும் காடுகள் வெட்டப்பட்டன. மலைமேலிருந்து மரங்களைச் சரிவில் சறுக்கவிட்ட இடமே இன்று டாப்சிலிப் எனப்படுகிறது. அழிந்த தேக்குக்காட்டை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் தழைக்கச் செய்த வன அதிகாரி ஹியூகோ உட்டின் கல்லறை அங்கே இருக்கிறது. அவர் அப்பெருமைக்கு உரியவரே. ஆயினும் அம்மரங்களை வெட்டி உருட்டிய காடர், மலசர் ஆகிய பழங்குடியினருக்கும், கூலிக்குச் சென்ற பிறருக்கும் அங்கே பெயர் பொறித்த கல் இல்லை.

யானை இழுத்து வந்த மரத்தை வண்டியில் ஏற்றுவதும், இறக்குவதும், அறுவைக்குழியின்மேல் உருட்டி வைப்பதும் மனிதர் வேலை. சமவெளியில் அவ்வேலை நிலமற்ற கூலிகளுடையது. அவர்களுள் நம்மவர் பலர். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தைத் தொடர்ந்தே, பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லார்க்கும் உரியவை என அரசு அறிவித்தது. மரவண்டியைத் தள்ளிச் சென்ற அதே சாலையில், தம் விருப்பம்போல் நடப்பதற்கு ஓர் அரசாணை வேண்டியிருந்த காலம் அது.

கருவியும் கணக்கும்

என் தந்தையாரிடம் இருந்த கருவிகள் சிலவே: நெம்புதடி, சாய்வுக்கட்டை இரண்டு, வடம், முட்டுக்கட்டை. வண்டியில் மரம் ஏற்ற வேண்டுமானால் சாய்வுக்கட்டைகளைச் சாத்துவர். வடத்தின் ஒரு முனையை வண்டியில் கட்டி, மரத்தின் அடியில் சுற்றிக் கொணர்ந்து, மறுமுனையை மேலிருந்து இழுப்பர். இரண்டு முழம் கயிறு வர, மரம் ஒரு முழம் ஏறும். ஆகவே இழுக்க வேண்டிய விசை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். இதனை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்தவர் அல்லர்.

அவர் பணியாற்றிய மர அறுவை ஆலையில் கொல்லர் அடித்துத் தந்த கொக்கித்தடி ஒன்றும் இருந்தது. தடியின் கீழ்ப்பகுதியில் இரும்புப் பூண். பூணில் வளைந்த கொக்கி. கொக்கி மரத்தைக் கவ்வியதும், தடியும் மரமும் ஒன்றாகிவிடும். ஒன்றரை அடி விட்டமும் பத்தடி நீளமும் கொண்ட தேக்குமரம் காய்ந்த நிலையிலும் முந்நூறு கிலோவுக்குக் குறையாது. அதன் உச்சியில் கைவைத்துத் தள்ளினால், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தள்ளுகிறோம். தடி அதற்கு மேலும் மூன்றடி நீண்டிருந்தால், நாலரை அடி உயரத்தில் தள்ளுகிறோம். ஒருவர் மூவர் வேலையைச் செய்கிறார். அவிநாசித் தேரின் சக்கரத்தைப் பின்னிருந்து உந்தும் சன்னையும் இதே நெம்புகோல் விதியால்தான் இயங்குகிறது. “கண்ணு, மரத்தோடு மல்லுக்கு நிற்காதே; தடியின் நுனியைப் பிடி” என்பார் தந்தையார். நெம்புகோல் பாடத்தை அதனினும் சுருக்கமாக நான் இதுவரை நடத்தியதில்லை.

அக்கருவியைச் செய்வதிலும் அறிவு வேண்டும். கைப்பிடிக்கு நன்கு காய்ந்த வேலமரம் தேர்வர். மரத்தின் இழை முனைக்கு முனை நேராக ஓட வேண்டும். இழை குறுக்கே ஓடினால் பாரம் ஏறும்போது தடி முறியும். பூணைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி நீரூற்றுவர். இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பற்றும். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றும் முறையும் இதுவே.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜோசப் பீவி என்னும் கொல்லர் வாழ்ந்தார். ஆற்றில் மிதந்துவந்த மரங்களோடு தொழிலாளர் போராடுவதை அவர் கண்டார். பழைய கொக்கித்தடியில் கொக்கி பக்கவாட்டில் ஆடிற்று. அவர் 1858ஆம் ஆண்டளவில், கொக்கி மேலும் கீழும் மட்டும் அசையுமாறு பொருத்தி, தடியின் நுனியில் கூரிய முள்ளும் வைத்தார். அக்கருவி இன்றும் ‘பீவி’ என்றே அழைக்கப்படுகிறது. அவரும் உலைக்களத்தில் நின்ற உழைப்பாளியே. அங்கு உழைப்பாளியின் பெயர் கருவியின்மேல் நின்றது. இங்கோ, செய்தவர் பெயரும் தெரியவில்லை. பிடித்தவர் பெயரும் தெரியவில்லை. சாதி என்பது தொழிலைப் பிரிப்பதோடு நில்லாமல் தொழிலாளரையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் சுட்டிக்காட்டியதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு கைநாட்டு

1981இல் ஒருநாள் மாலை, வேலையை முடிக்கும் அவசரத்தில், உருண்ட மரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கப்படவில்லை. மரம் திரும்பி உருண்டு தந்தையாரின் இடக்காலை நசுக்கியது. சில நாள் கூலி கொடுத்து, எழுதப்பட்ட தாள் ஒன்றில் கைநாட்டு வாங்கிச் சென்றனர். அதில் எழுதியிருந்ததை அவரால் படிக்க இயலவில்லை. “இனி எதுவும் கேட்கமாட்டேன்” என்பதே அதன் பொருள் எனப் பின்னர் அறிந்தோம்.

வேலையில் காயமுற்றவர்க்கு இழப்பீடு தரும் சட்டம் 1923லேயே வந்துவிட்டது. அவ்வுரிமையைக் கைவிடுவதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறிற்று. தந்தையாரின் கைநாட்டு அவரைக் கட்டுப்படுத்தியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை எடுத்துச் சொல்ல எங்கள் தெருவில் அன்று ஒருவரும் இல்லை. நான் படித்தே தீரவேண்டும் என்று அவர் உறுதிகொண்டது அன்றுதான்.

அன்பார்ந்த இளைஞர்களே! இன்று கிரேன் மரத்தைத் தூக்குகிறது; நம் பிள்ளைகள் பனியன் ஆலைகளில் வேலை செய்கின்றனர். கருவி மாறினாலும், கையெழுத்துக் கேட்டு நீட்டப்படும் தாள் மாறவில்லை. படிக்காமல் எதிலும் கையெழுத்திடாதீர். வீட்டிலுள்ள முதியோரிடம் அமர்ந்து, அவர்கள் பிடித்த கருவி எது, அதை எவ்வாறு செய்தனர், எங்கெங்கு உழைத்தனர் என்பதைக் கேட்டு, அவர்தம் பெயரோடு எழுதி வையுங்கள். அவர்கள் செய்தது வெறும் கூலிவேலை அன்று, அறிவு சார்ந்த தொழில். அதனை ஏட்டில் ஏற்றுவது எழுத்தறிந்த நம் கடமை. நெம்புதடி பிடித்தவர்களின் பிள்ளைகள் எழுதுகோல் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே இச்சங்கம் 25 ஆண்டுகளாக நடந்து வருகிறது.