தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஒப்பந்தம்: ஆஸ்கர் ராபர்ட்சனும் அமெரிக்கக் கூடைப்பந்தும்

1961–62ஆம் ஆண்டுப் பருவத்தில் சின்சினாட்டி ராயல்ஸ் அணிக்காக ஆடிய ஆஸ்கர் ராபர்ட்சன், ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 30.8 புள்ளிகள் எடுத்தார். வளையத்தில் பட்டு மீண்ட பந்தை 12.5 முறை கைப்பற்றினார். சக வீரர் கூடையில் போடும்படி 11.4 முறை பந்தைக் கொடுத்தார். மூன்று கணக்குகளிலும் இரட்டை இலக்கம். இன்று இதற்கு 'டிரிப்பிள் டபுள்' என்று பெயர். அன்று இப்பெயர் வழக்கில் இல்லை. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், மேஜிக் ஜான்சனின் ஆட்டத்தை விவரிக்க வேண்டிய தேவையில்தான் அச்சொல் பரவியது. பெயர் இல்லாததால் ராபர்ட்சனின் பருவத்தை அவ்வாறு பிரித்துப் பார்க்கவும் அன்று எவரும் முற்படவில்லை. அதே பருவத்தில் வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள் எடுத்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் அவரைப் பற்றியே இருந்தது.

ராபர்ட்சன் ஒரு பாயிண்ட் கார்டு. பந்தைத் தம் பாதியிலிருந்து எதிரணியின் பாதிக்குக் கொண்டுவந்து, யார் எங்கே நிற்க வேண்டும், பந்து எப்போது யார் கைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர். 6 அடி 5 அங்குல உயரம் அக்காலத்தில் இந்த இடத்துக்கு மிகுதி. தம்மைத் தடுக்க வரும் குள்ளமான வீரருக்கு முதுகைக் காட்டி, பந்தைத் தட்டியபடியே அவரை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்குத் தள்ளிச் செல்வது அவர் பாணி. அதில் பகட்டு இல்லை. பழைய படச்சுருள்களைப் பார்க்கும் இன்றைய ரசிகருக்கு அது சற்றுச் சலிப்பாகக்கூட இருக்கலாம்.

ஆனால் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் அவர் பெயர் இன்றும் படிக்கப்படுவதற்கு இந்த ஆட்டம் காரணமன்று. 'ராபர்ட்சன் எதிர் தேசியக் கூடைப்பந்துச் சங்கம்' என்ற வழக்கின் தலைப்பில் அவர் பெயர் நிற்கிறது. ஒரு தொழிலாளி தன் முதலாளியை விட்டு நீங்க முடியுமா என்பதே அவ்வழக்கின் அடிப்படைக் கேள்வி.

ராபர்ட்சன் 1938இல் டென்னசி மாநிலத்தில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு இந்தியானாபோலிஸ் நகருக்கு வந்தவர். அவர் படித்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளி, கறுப்பின மாணவரைத் தனியே ஒதுக்குவதற்கென்று 1927இல் திறக்கப்பட்டது. கூ கிளக்ஸ் கிளான் இந்தியானா அரசியலில் ஆட்டிப்படைத்த பத்தாண்டு அது. 1942 வரை அப்பள்ளி மாநில விளையாட்டுச் சங்கத்தில் உறுப்பாகவே முடியவில்லை. ரே குரோ பயிற்றுவித்த அட்டக்ஸ் அணி, 1955இல் மாநிலப் பட்டத்தை வென்றது. 1956இல் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் மீண்டும் வென்றது. வெற்றி பெற்ற அணி நகர மையத்திலுள்ள நினைவுத்தூணைச் சுற்றி வந்து அங்கேயே கொண்டாடுவது வழக்கம். 1955இல் அட்டக்ஸ் மாணவர்களைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றித் தூணை ஒருமுறை சுற்றிவிட்டு, கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலிருந்த ஒரு பூங்காவுக்கு அனுப்பிவைத்தார்கள். பதினாறு வயதில் நேர்ந்த இந்த அவமதிப்பை ராபர்ட்சன் முதுமையிலும் மறக்கவில்லை என்பதை அவருடைய தன்வரலாற்றால் அறிகிறோம்.

சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்காக ஆடிய மூன்று பருவங்களிலும் நாட்டிலேயே அதிகப் புள்ளிச் சராசரி அவருடையது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். பின்னர் தொழில்முறை ஆட்டம். அந்த நுழைவாயிலிலேயே அவருக்குத் தேர்வுரிமை இருக்கவில்லை. அருகிலுள்ள கல்லூரியின் வீரரை அந்த வட்டாரத்துக் கிளப் முதலில் உரிமை கொண்டாடலாம் என்ற விதி அன்று நடைமுறையில் இருந்தது. கல்லூரி சின்சினாட்டியில், ஆகவே ராயல்ஸ் அணிக்கே அவர் உரியவர். 'உரியவர்' என்ற சொல்லை இங்கே அதன் முழுப்பொருளில் கொள்ள வேண்டும்.

சேர்ந்த பிறகு நிலைமை இன்னும் இறுகியது. அக்காலத்து வீரர் ஒப்பந்தங்களில் ஒரு புதுப்பிப்பு விதி உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்து வீரர் புதிதாகக் கையெழுத்திட மறுத்தால், அதே நிபந்தனைகளின்படி ஒப்பந்தத்தை மேலும் ஓராண்டுக்குப் புதுப்பிக்கும் உரிமை கிளப்புக்கு உண்டு என்பது அதன் சாரம். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஓராண்டு நீட்டிப்பு. சிக்கல் 'அதே நிபந்தனைகள்' என்ற தொடரில் இருக்கிறது. புதுப்பிக்கும் உரிமையும் அந்த நிபந்தனைகளுள் ஒன்று அல்லவா? அப்படியானால் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தத்திலும் அதே விதி வந்து அமரும். அது முடியும்போது மீண்டும் ஓராண்டு. அதிலும் அதே விதி. தன்னையே தன்னுள் கொண்டிருக்கும் ஒரு வாக்கியம் முடிவின்றி நீள்வதை மொழியியல் மாணவர் அறிவர். இங்கே அப்படி நீண்டது மனிதர்களின் உழைப்புக் காலம். கிளப் விற்றாலோ விலக்கினாலோ அன்றி, ஆடுவதை நிறுத்தும்வரை வீரருக்கு வேறு வாயில் இல்லை.

இவ்விதியைச் சோதித்துப் பார்த்தவர் ரிக் பாரி. 1967இல் அவர் சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸை விட்டு, புதிதாகத் தொடங்கிய போட்டி லீகான ஏ.பி.ஏ.வின் ஓக்லாந்து அணியில் ஒப்பந்தமானார். நீதிமன்றம் தடுத்தது, ஓராண்டு அவர் ஆடாமலே இருக்க நேர்ந்தது. ஓராண்டு உட்கார்ந்தால் வெளியேறலாம் என்ற வாசல் அதனால் திறந்தது உண்மை. ஆனால் ஒரு விளையாட்டு வீரருக்கு ஓராண்டு என்பது என்ன என்று கணக்கிட்டால், அந்த வாசலின் அகலம் புரியும். என்.பி.ஏ.வுக்குள்ளேயே வேறு அணிக்குப் போவோருக்கு இன்னொரு தடையும் இருந்தது. புதிய கிளப் பழைய கிளப்புக்கு வீரராகவோ பணமாகவோ இழப்பீடு தர வேண்டும். அதை லீகின் ஆணையரே நிர்ணயிப்பார். விலை தெரியாத பொருளை வாங்க எந்தக் கிளப்பும் துணிவதில்லை.

வீரர்கள் சங்கம் 1954லேயே உருவாகியிருந்தது. அதைத் தொடங்கியவர் பாஸ்டன் அணியின் பாப் கூசி. அவரும் ஒரு பாயிண்ட் கார்டுதான். பத்தாண்டுகள் அச்சங்கத்தைக் கிளப் முதலாளிகள் பொருட்படுத்தவில்லை. 1964 ஜனவரியில் பாஸ்டனில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டத்தில் நிலைமை மாறியது. நாடு முழுவதும் மாலை நேரத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவிருந்த ஆட்டம் அது. ஓய்வூதியத் திட்டத்துக்கு உறுதி தரும்வரை களமிறங்க மாட்டோம் என்று இரு அணி வீரர்களும் உடைமாற்றும் அறையிலேயே அமர்ந்துவிட்டார்கள். சங்கத் தலைவர் டாம் ஹைன்சன், வழக்கறிஞர் லாரி ஃபிளெய்ஷர் ஆகியோர் முன்னின்றனர். லாஸ் ஏஞ்சலஸ் கிளப்பின் உரிமையாளர் தம் வீரர்களுக்கு மிரட்டல் செய்தி அனுப்பியதாகச் சொல்வார்கள். அது எதிர்விளைவையே தந்தது. ஆணையர் வால்டர் கென்னடி வாக்குறுதி அளித்த பின்னரே ஆட்டம் தொடங்கியது. அன்றைய சிறந்த ஆட்டக்காரர் விருது ராபர்ட்சனுக்கு: 26 புள்ளிகள், 14 ரீபவுண்டுகள், 8 அசிஸ்டுகள். அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. 1960 முதல் 1968 வரையிலான ஒன்பது பருவங்களில் சேம்பர்லினும் பில் ரஸ்ஸலும் அல்லாத ஒருவர் அவ்விருதைப் பெற்றது அந்த ஒருமுறைதான்.

அடுத்த ஆண்டு அவர் சங்கத்தின் தலைவரானார். ஒரு தேசிய விளையாட்டு லீகின் வீரர் சங்கத்துக்குக் கறுப்பின வீரர் ஒருவர் தலைமையேற்றது அதுவே முதல்முறை.

1969இல் ராயல்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர், சங்கத்தைத் தொடங்கிய அதே பாப் கூசி. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ராபர்ட்சனை பால்டிமோர் அணிக்குக் கைமாற்ற கிளப் முயன்றது. தம் ஒப்புதலின்றி மாற்றக்கூடாது என்ற பிரிவை அவர் தம் ஒப்பந்தத்தில் முன்பே எழுதி வாங்கியிருந்தார், ஆகவே மறுத்தார். பின்னர், 1970 ஏப்ரலில், மில்வாக்கி பக்ஸ் அணிக்குச் செல்ல இசைந்தார். அப்பிரிவு அவருடைய தனித்திறமையால் கிடைத்த சலுகை. சாதாரண வீரர் எவருக்கும் அது வாய்க்காது. தமக்கு ஓரளவு காப்பு இருந்த அதே மாதத்தில், அக்காப்பு இல்லாதவர்களுக்காக அவர் வழக்குத் தொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்போது என்.பி.ஏ.வும் ஏ.பி.ஏ.வும் ஒன்றாக இணையப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தன. இரண்டு லீகுகள் போட்டியிட்டதால்தான் வீரர்களின் ஊதியம் ஏறத் தொடங்கியிருந்தது. இணைந்துவிட்டால் வாங்குவோர் ஒருவரே, விற்போர் நூற்றுக்கணக்கானோர். 1970 ஏப்ரலில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், ஏகபோகத்தைத் தடுக்கும் ஷெர்மன் சட்டத்தின்கீழ், சங்கம் வழக்குத் தொடுத்தது. வீரர் தேர்வு முறை, புதுப்பிப்பு விதி, இழப்பீட்டு விதி, இணைப்பு ஆகிய அனைத்தையும் எதிர்த்து, பல அணிகளின் வீரர்கள் வாதிகளாகச் சேர்ந்தனர். தலைவர் என்பதால் முதற்பெயர் ராபர்ட்சனுடையது. நீதிமன்றம் இணைப்புக்குத் தடை விதித்தது. முதலாளிகள் நாடாளுமன்றத்திடம் விலக்குக் கேட்டுச் சென்றபோது, செனட் குழுவின் முன் ராபர்ட்சன் எதிர்சாட்சியம் அளித்தார். விலக்குக் கிட்டவில்லை.

பேஸ்பால் வீரர் கர்ட் ஃபிளட் இதே போன்ற வழக்கை 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5–3 என்று இழந்தார் என்பதை எண்ணினால், கூடைப்பந்து வீரர்களின் நிலை எவ்வளவு உறுதியற்றதாக இருந்திருக்கும் என்று விளங்கும். எனினும் பேஸ்பாலுக்கு 1922 முதல் இருந்த விசித்திரமான சட்டவிலக்கு கூடைப்பந்துக்கு இல்லை.

வழக்கு பின்னர் நீதிபதி ராபர்ட் எல். கார்ட்டர் முன் வந்தது. பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த 'பிரவுன் எதிர் கல்வி வாரியம்' வழக்கில், டொபீகா பெற்றோருக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞர் அவர். பிரிவினைப் பள்ளியில் படித்தவர் தொடுத்த வழக்கு, பிரிவினைப் பள்ளிகளை எதிர்த்து வாதாடியவரின் மேசைக்கு வந்தது தற்செயலே. வரலாற்றாசிரியர் அதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை. 1975 பிப்ரவரியில் கார்ட்டர், விசாரணையின்றியே தமக்குச் சாதகமாகத் தீர்க்கும்படி என்.பி.ஏ. கோரியதை மறுத்தார். இதை எல்லா வீரர்களுக்குமான கூட்டு வழக்காகவும் ஏற்றார். இவ்விதிகள் சட்டத்தின்முன் நிற்குமா என்பதில் தமக்கிருந்த ஐயத்தை அவர் மறைக்கவில்லை. முதலாளிகள் குறிப்பை உணர்ந்தனர்.

1976இல் சமரசம் ஏற்பட்டது. புதுப்பிப்பு விதி ஒப்பந்தங்களிலிருந்து நீங்கியது. இழப்பீட்டு முறை சில ஆண்டுகளில் முடிவுக்கு வர வேண்டும். அதன்பின் பழைய கிளப்புக்கு எஞ்சுவது, வெளியார் தரும் தொகைக்கு ஈடுகொடுத்து வீரரைத் தக்கவைக்கும் முன்னுரிமை மட்டுமே. ஐ.பி.எல். ஏலத்தில் 'ரைட் டு மேட்ச்' அட்டையைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. இணைப்புக்கு வீரர்கள் இசைந்தனர், ஏ.பி.ஏ.வின் நான்கு அணிகள் என்.பி.ஏ.வில் சேர்ந்தன. எந்தக் கட்டும் இல்லாமல் வீரர் வெளியேறும் உரிமை 1988இல்தான் வந்தது. அதை முதலில் பயன்படுத்தியவர் டாம் சேம்பர்ஸ். வழக்குத் தொடுத்து 18 ஆண்டுகள்.

இதற்கிடையில் மில்வாக்கியில், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் எனப் பெயர் மாற்றிக்கொண்ட இளம் லூ அல்சிண்டருடன் சேர்ந்து ராபர்ட்சன் 1971இல் தம் ஒரே பட்டத்தை வென்றார். இறுதியில் 4–0 என்று வீழ்ந்த அணி, அவர் போக மறுத்த பால்டிமோர். 1974இல் 26,710 புள்ளிகளோடும் 9,887 அசிஸ்டுகளோடும் ஓய்வு பெற்றார். சமரசம் வந்தபோது அவர் களத்தில் இல்லை. அவ்வழக்கு பெற்றுத்தந்த உரிமையை அவர் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. ஓய்வுக்குப்பின் தொலைக்காட்சி வருணனையாளராக ஒரு பருவம் மட்டுமே நீடித்தார். அதற்கு வழக்கே காரணம் என்று அவர் கருதினார்.

2016 ஜூலையில் கெவின் டுரான்ட் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் ஒப்பந்தம் முடிந்து, தம் விருப்பப்படி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குச் சென்றார். ஊரே கொதித்தது, ஆனால் தடுக்க ஒருவராலும் முடியவில்லை. அணியில் தனித்து எஞ்சிய பாயிண்ட் கார்டு ரசல் வெஸ்ட்புரூக், ஆட்டத்தின் முழுச்சுமையையும் தாமே ஏற்றார். அந்தப் பருவத்தில் 31.6 புள்ளிகள், 10.7 ரீபவுண்டுகள், 10.4 அசிஸ்டுகள் என்று, 55 ஆண்டுகளுக்குப்பின் ராபர்ட்சனின் சராசரிச் சாதனையை எட்டினார். 2017 ஏப்ரல் 12 அன்று ஓக்லஹோமா அரங்கில் அவரைப் பாராட்ட 78 வயது ராபர்ட்சன் நேரில் வந்திருந்தார்.