ஊர்க்கூட்டமும் அழைப்பாணையில் ஒரு வரியும்

அமெரிக்க நாட்டின் வடகிழக்கே உள்ள மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஊரின் சட்டமன்றம் ஊர்க்கூட்டமே ஆகும். வரவு செலவுத் திட்டம், பள்ளிக்கு ஒதுக்கும் பணம், ஊரின் துணைவிதிகள் ஆகியவற்றை அதுவே முடிவு செய்கிறது. பெரும்பாலான ஊர்களில் வாக்காளர் எவரும் நேரே சென்று வாக்களிக்கலாம். மக்கள் பெருகிய சில ஊர்களிலோ, தேர்ந்தெடுக்கப்பட்ட பேராளர்கள் மட்டுமே வாக்களிப்பர். இப்பேராளர் முறையில் புதிதாக நுழையும் உறுப்பினர் முதலில் கற்கவேண்டுவது மேடைப்பேச்சு அன்று. கூட்டத்தின் அழைப்பாணையைப் படிக்கும் கலையே ஆகும்.

இக்கூட்டங்களின் தொன்மை பெரிது. 1633 அக்டோபரில் டார்செஸ்டர் ஊரார், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முரசு கொட்டியதும் கூடி ஊர்க்காரியங்களைப் பேசுவது என்று விதித்துக்கொண்டனர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் முரசொலி கேட்டவர் எல்லாரும் உரிமை பெற்றவர் அல்லர். அக்குடியேற்றத்தின் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1631 முதல் திருச்சபை உறுப்பினராகிய ஆடவர்க்கே இருந்தது. பின்னர்ச் சொத்துரிமை தகுதியாயிற்று. பெண்கள் முழு வாக்குரிமை பெற 1920 வரை காத்திருக்க நேர்ந்தது.

இங்கே நம் இளைஞர்கள் அறியவேண்டிய இருவர் ஜான் கஃபி, பால் கஃபி என்னும் உடன்பிறந்தார். தந்தை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொணரப்பட்டுப் பின் விடுதலை பெற்றவர். தாய் வாம்பனோக் என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். டார்ட்மவுத் ஊரில் இவர்கள் நிலம் வைத்திருந்தனர். ஊர் வரி கேட்டது, வாக்குரிமை தரவில்லை. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி கூடாது என்று இங்கிலாந்து மன்னரை எதிர்த்துப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது! 1780 பிப்ரவரியில் இவர்கள் உள்ளிட்ட எழுவர் மாநிலச் சட்டமன்றத்துக்கு முறையீடு எழுதினர். வரி கட்டாததற்காக அவ்வாண்டின் இறுதியில் இருவரும் டான்டன் சிறையில் சிறிது காலம் அடைக்கப்பட்டனர்.

வெளியே வந்தபின் அவர்கள் செய்ததுதான் சிறப்பு. 1781 ஏப்ரலில் ஊர் நிர்வாகக் குழுவினரிடம் ஒரு விண்ணப்பம் தந்தனர். கறுப்பினத்தார்க்கு வெள்ளையர்க்குரிய அதே உரிமைகள் இவ்வூரில் உண்டா இல்லையா என்பதை ஊர் வாக்களித்துச் சொல்லட்டும். அதற்காக அடுத்த கூட்டத்தின் அழைப்பாணையில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பதே வேண்டுகோள். வாக்கில்லாதவர்கள், வாக்குடையவர் பலர் அறியாத நுட்பத்தை அறிந்திருந்தனர். அழைப்பாணையில் இல்லாத பொருளைக் கூட்டம் தொடவே முடியாது. இறுதியில் குறைந்த தொகை செலுத்தி வரி வழக்கு முடிந்தது. பால் கஃபி பிற்காலத்தில் கப்பல் உரிமையாளரானார். அவர் வாழ்ந்த பகுதியில் பள்ளி அமைப்பது பற்றி அக்கம்பக்கத்தார் கூடிப் பேசி உடன்பாடின்றிக் கலைந்தபோது, தம் நிலத்தில் தாமே பள்ளி கட்டி எல்லார்க்கும் திறந்துவிட்டார். கல்விச் சங்கத்தின் மலரில் இதனைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை.

பேராளர் முறை பிறந்தது இடநெருக்கடியால். பாஸ்டன் ஊர்க்கூட்டத்தைக் கைவிட்டு 1822இல் மாநகராயிற்று. புரூக்லைன் அவ்வாறு செய்ய விரும்பாமல், 1915இல் பேராளர்களைத் தேர்ந்தெடுக்கும் வழியை மேற்கொண்டது. அம்மாநிலத்தில் இதுவே முதல். 1926இல் மாநில அரசியலமைப்பும் திருத்தப்பட்டு, ஆறாயிரத்துக்கு மேல் மக்களுடைய ஊர்களுக்கு இம்முறை உறுதியாயிற்று. புரூக்லைனில் வார்டு ஒன்றுக்குப் பதினைவர், பதவிக்காலம் மூன்றாண்டு, ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் தேர்தலைச் சந்திப்பர்.

ஆங்கிலத்தில் அழைப்பாணைக்கு வாரண்டு என்றே பெயர். நமக்கு வாரண்டு என்றதும் காவல்துறைதான் கண்முன் நிற்கும்! அங்கே அது நிர்வாகக் குழு வெளியிடும் பொருள்நிரல். ஆண்டுக் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னும், சிறப்புக் கூட்டத்துக்குப் பதினான்கு நாள் முன்னும் அதனை வெளியிட வேண்டும். ஆண்டுக் கூட்டத்தின் அழைப்பாணையில் ஒரு பொருளைச் சேர்க்கப் பதிவுபெற்ற வாக்காளர் பத்துப் பேரின் கையெழுத்துப் போதும். நிர்வாகக் குழு மறுக்க இயலாது. கஃபி சகோதரர் கெஞ்சிக் கேட்டது இன்று பத்துக் கையெழுத்தில் கிடைக்கிறது. நம் கிராம சபையின் பொருள்நிரலை எழுதுபவர் யார், எவ்விடத்தில் எழுதுகிறார் என்று இதைப் படிப்போர் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.

கூட்டத்தை நடத்துபவர் மாடரேட்டர்; தென்னிந்தியத் திருச்சபையினர்க்கு இச்சொல் பழக்கமானதே. அவர் இசைவின்றி எவரும் பேசலாகாது. நிதிக்குழு முன்கூட்டியே ஆராய்ந்து ஒவ்வொரு பொருளுக்கும் பரிந்துரை அச்சிட்டுத் தரும். புதிய உறுப்பினர் இதனை வீட்டிலேயே படித்துவிட வேண்டும். ஏனெனில் திருத்தம் கொண்டுவரலாமே தவிர, அழைப்பாணை அறிவித்த எல்லையை மீறிய திருத்தம் செல்லாது. சாதாரணத் தீர்மானத்துக்குப் பெரும்பான்மை போதும். கடன் வாங்க மூன்றில் இரு பங்கு வேண்டும். குரல் வாக்கில் மாடரேட்டர் அறிவித்த முடிவில் ஐயம் எழுந்தால், ஏழு பேர் உடனே எழுந்து கேட்க வேண்டும். எண்ணியே தீர வேண்டும். உடனே என்பது முக்கியம். வீட்டுக்குச் சென்றபின் நினைவு வந்து பயனில்லை. நிறைவேறிய துணைவிதி, மாநிலத் தலைமை வழக்கறிஞரின் ஒப்புதலுக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும்.

சிற்றூர் ஆட்சி தானாகவே நல்லாட்சி ஆகிவிடும் என்னும் எண்ணத்தை அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தை விடுத்துத் தனி மனிதரையே அரசியலமைப்பின் அலகாகக் கொண்டதை அவர் வரவேற்றார். மாசச்சூசெட்ஸ் ஊர்களையும் அக்கண்கொண்டே பார்க்க வேண்டும். பேராளர்க்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை. கூட்டமோ பல இரவுகள் நீள்வதுண்டு. இரவு வேலைக்குச் செல்பவரும் கைக்குழந்தை உடையவரும் அந்நாற்காலியில் அமர்வது எளிதன்று. பேராளர் அல்லாத வாக்காளரும் எழுந்து பேசலாம் என்னும் விதி இதற்குச் சிறு பரிகாரம். வாக்கு மட்டும் இல்லை. மற்றொன்றும் உண்டு: பல வார்டுகளில் இடங்களைவிடப் போட்டியிடுவோர் குறைவு. வேட்பாளர் இல்லாத இடத்தில், வாக்குச்சீட்டில் அண்டை வீட்டார் சிலர் கைப்பட எழுதிய பெயருக்கு உரியவரே பேராளராகிவிடுவதும் உண்டு.