பையை விடு, உயிரைப் பிடி! – விமானப் பணியாளர்களின் அவசரக் கட்டளைகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு

திருநெல்வேலிக்குப் பக்கத்து விமான நிலையம் தூத்துக்குடி வாகைக்குளம். 1992-ல் தொடங்கிய அந்த நிலையத்தில் உள்நாட்டு விமானங்கள்தான். ஆகவே மேலப்பாளையத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களில் பலர் மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் போய்த்தான் விமானம் ஏறுவார்கள்.

ஏறி உட்கார்ந்ததும் என்ன நடக்கும்? பணிப்பெண் நடுவழியில் நின்று பெல்ட்டை மாட்டிக் காட்டுவார், வாசல்களைக் கையால் சுட்டுவார். பாதிப் பேர் ஊருக்குக் கடைசி போன் பேசிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் தூங்கத் தயாராகிவிடுவார்கள். யாரும் கவனிக்காத அந்த இரண்டு நிமிடச் சடங்கின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு விபத்து இருக்கிறது!

செவிலியராகத் தொடங்கிய வேலை

உலகின் முதல் விமானப் பணிப்பெண் எலன் சர்ச். அமெரிக்காவைச் சேர்ந்த இவர் ஒரு செவிலியர். 1930 மே 15 அன்று போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் விமானத்தில் வேலையைத் தொடங்கினார். பயந்துபோன பயணிகளுக்குத் தைரியம் சொல்வதும், வாந்தி எடுப்பவர்களைக் கவனிப்பதும்தான் அன்றைய முக்கிய வேலை. பயணிகளை உயிரோடு வெளியேற்றுவதுதான் முதல் கடமை என்ற எண்ணம் பின்னால்தான் வலுப்பெற்றது.

1967-ல் அமெரிக்க விமானத் துறை ஒரு விதியைக் கடுமையாக்கியது. பாதி வாசல்கள் மட்டுமே திறந்திருக்கும் நிலையில், ஒரு விமானத்தில் உள்ள அத்தனை பேரும் 90 வினாடிக்குள் வெளியேற முடிய வேண்டும். புது ரக விமானங்கள் இந்தச் சோதனையில் தேற வேண்டும். ஆனால் வாசல் இருந்தால் மட்டும் போதுமா? சரியான நேரத்தில் சரியான சொல்லும் வேண்டுமே!

சொல்லாமல் விட்ட சொல்

இந்தப் பாடத்தை 1989-ம் ஆண்டு இரண்டு முறை கற்றுக்கொடுத்தது.

ஜனவரி 8 அன்று இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மிட்லண்ட் விமானத்தின் இடது இயந்திரம் பழுதானது. பின்பகுதியில் இருந்தவர்கள் இடது பக்கம் தீப்பொறிகளைப் பார்த்தார்கள். விமானியோ வலது இயந்திரத்தில் கோளாறு என்று அறிவித்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது இயந்திரத்தைத்தான் நிறுத்தியும் இருந்தார். பயணிகள் சிலர் குழம்பினார்கள். ஆனால் அந்தக் குழப்பம் விமானி அறை வரை போய்ச் சேரவில்லை. கெக்வொர்த் கிராமத்தின் அருகே விமானம் விழுந்து 47 பேர் இறந்தார்கள்.

இரண்டே மாதத்தில், மார்ச் 10 அன்று கனடாவின் டிரைடன் நகரில் ஏர் ஒன்டாரியோ விமானம் புறப்படும் முன் அதன் இறக்கைகளில் பனி படிந்திருந்தது. பணிப்பெண் அதைப் பார்த்தார், ஆனால் விமானியிடம் சொல்லவில்லை. பறப்பது விமானியின் வேலை, அதில் மற்றவர் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அன்றைய பழக்கம். விமானம் மேலேறாமல் காட்டில் விழுந்தது. இறந்தவர்கள் 24 பேர்.

இதன்பிறகு விமானிகளுக்கும் பணியாளர்களுக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுப்பது பரவியது. சந்தேகம் என்றால் உடனே சொல்ல வேண்டும், சின்னவர் சொன்னாலும் பெரியவர் கேட்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆபத்து என்றால் விமானி தலைமைப் பணியாளரிடம் நான்கு விஷயங்களைச் சொல்வார். என்ன கோளாறு, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, தனிக் கட்டளை ஏதும் உண்டா? கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தவறாகக் கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பிய விமானம்

2016 ஆகஸ்ட் 3. நம் தென் மாவட்டத்துக்காரர்கள் வழக்கமாக ஏறும் அதே திருவனந்தபுரத்திலிருந்து எமிரேட்ஸ் 521 விமானம் துபாய்க்குக் கிளம்பியது. 282 பயணிகள், 18 பணியாளர்கள், மொத்தம் 300 பேர். பயணிகளில் 226 பேர் இந்தியர்கள்.

துபாயில் சக்கரங்கள் ஓடுதளத்தைத் தொட்ட பிறகு, விமானி மறுபடியும் மேலேற முயன்றார். இயந்திரங்களின் விசை கூடவில்லை. அதை உரிய நேரத்தில் யாரும் கவனிக்கவும் இல்லை. சக்கரங்கள் உள்ளே மடங்கிக்கொண்டிருக்கும்போதே விமானம் தரையில் மோதிச் சறுக்கியது. ஓர் இயந்திரம் பிய்ந்துபோனது. தீ பிடித்தது.

உள்ளே புகை. பணியாளர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள்: பைகளை விடுங்கள், குதியுங்கள்! ஆனால் பலர் மேலே கைநீட்டிப் பைகளை எடுத்தார்கள். உள்ளே எடுக்கப்பட்ட வீடியோ ஒன்று உலகம் முழுக்கப் பரவியது, கேலியும் செய்யப்பட்டது. வெளியே காற்று வேறு! சில வாசல்களின் சறுக்குகளைக் காற்று தூக்கியடித்ததால் அவற்றைப் பயன்படுத்த முடியவில்லை. வெளியேற ஆறு நிமிடத்துக்கு மேல் ஆனது. கேப்டனும் தலைமைப் பணியாளரும்தான் கடைசியாக வெளியேறினார்கள். விமானம் நின்று ஏறக்குறைய ஒன்பது நிமிடத்தில் நடு எரிபொருள் தொட்டி வெடித்தது. 300 பேரும் பிழைத்தார்கள். தீயணைக்க வந்த வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

பை எடுத்தவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் வளைகுடாவுக்குப் போகிறவரின் கைப்பையில் என்ன இருக்கும்? பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், சான்றிதழ்கள், கடன் வாங்கிச் சேர்த்த பணம். அவருக்கு அது வெறும் பை இல்லை, அவரது பிழைப்பு. பயத்தில் கை தானாக அங்கேதான் போகும். அதனால்தான் கட்டளை குட்டையாக, உரக்க, திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. புகைக்குள் யாருக்கும் யோசிக்க நேரம் இருக்காது.

ஹனேடா காட்டிய வழி

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானமும் கடலோரக் காவல் படை விமானமும் மோதிக்கொண்டன. சிறிய விமானத்தில் 5 பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். ஒலிபெருக்கி அமைப்பு வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாபோனிலும் வெறும் குரலிலும்தான் கட்டளையிட்டார்கள். எட்டு வாசல்களில் மூன்றே பயன்பட்டன. பெரும்பாலான பயணிகள் பைகளை விட்டுவிட்டு இறங்கினார்கள். சொல்பவர் சொன்னார், கேட்பவர் கேட்டார். அவ்வளவுதான் ரகசியம்!

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகத்தில் வேறு வாங்கலாம். அடுத்த முறை விமானம் ஏறும்போது அந்த இரண்டு நிமிடம் போனைக் கீழே வையுங்கள். உங்கள் இருக்கைக்கும் பக்கத்து வாசலுக்கும் இடையே எத்தனை வரிசை என்று எண்ணிப் பாருங்கள். ஊரில் வளைகுடாவுக்குக் கிளம்பும் அண்ணனுக்கோ மாமாவுக்கோ இதைத் தமிழில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். புகைக்குள் ஆங்கிலக் கட்டளை புரியாமல் போகலாம். வீட்டில் கேட்ட சொல் ஞாபகம் இருக்கும்.