தோட்டத்துத் திடலில் விரிந்த வெள்ளைத் துணி

சம்பளம் போட்ட வாரம் என்றால் ஜொகூர் தோட்டப்புறங்களில் அந்தி சாயும் முன்பே ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். திடலின் ஓரத்தில் இரண்டு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். லயத்து வீடுகளிலிருந்து பாயும் பலகையும் தூக்கிவந்து பிள்ளைகள் இடம் பிடிப்பார்கள். கச்சாங் பூத்தே விற்பவர் முன்கூட்டியே வந்துவிடுவார். மறுநாள் விடியற்காலை பெரட்டுக்கு நிற்க வேண்டும் என்ற கவலை அன்று இரவு யாருக்கும் இருக்காது. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களும் சீனக் கடைக்காரர்களும்கூட ஓரமாக நின்று தமிழ்ப் படம் பார்த்துவிட்டுப் போவார்கள்.

குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட் வட்டாரங்களில் அறுபது எழுபது வயதைக் கடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் காட்சியை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஆனால் மலேசிய இந்தியர் வரலாறு எழுதப்படும்போது கப்பலும் கங்காணியும் சம்பளப் போராட்டமும் இடம்பெறும் அளவுக்கு இந்த வெள்ளைத் துணி இடம்பெறுவதில்லை. கேளிக்கைதானே, அதில் ஆராய என்ன இருக்கிறது என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது.

இந்த எண்ணம் நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹோகார்ட் 1964இல் வெகுஜனப் பண்பாட்டை ஆராய ஒரு மையம் தொடங்கும்வரை, பாட்டும் சினிமாவும் பத்திரிகைக் கதையும் பல்கலைக்கழகத்தின் வாசற்படி ஏறத் தயங்கின. அதே மையத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹால், ஒளிபரப்புபவர் நினைத்த பொருளையே பார்ப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை, தம் வாழ்க்கை நிலைக்கேற்ப மாற்றியும் எதிர்த்தும் எடுத்துக்கொள்வார் என்று 1973இல் எழுதினார். தமிழில் இந்தத் திசையில் ஆழமாகச் சிந்தித்தவர் இலங்கைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதல் கலை அரங்கு சினிமாக் கொட்டகைதான் என்பது அவர் 1981இல் முன்வைத்த கருத்து. கோயில் வாசலில் நிற்கவும் அனுமதி பெறாதவர், காசு கொடுத்தால் மேல்சாதிக்காரருக்குப் பக்கத்தில் உட்காரலாம் என்பது அன்றைய தமிழகத்தில் சிறிய செய்தி அல்ல. ஜொகூர் தோட்டத்தில் கூரையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. வானமே கூரை.

இனி இந்த மண்ணின் கதைக்கு வருவோம். 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. கம்யூனிஸ்டுப் போராளிகள் கடைசிவரை தாக்குப்பிடித்த பகுதிகளில் ஜொகூரும் ஒன்று. தோட்ட லயங்கள் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. அந்த முள்வேலிக்குள்ளும் படம் வந்தது. 1946இல் அமைக்கப்பட்ட மலாயா ஃபிலிம் யூனிட்டின் செய்திப் படங்களைத் தகவல் இலாகாவின் நடமாடும் படவண்டிகள் கம்பத்துக்கும் புதுக்கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் கொண்டுபோயின. போராளிகளுக்கு அரிசி கொடுக்காதே, அரசாங்கத்தை நம்பு என்பதே அவற்றின் சாரம். ஆக, ஒரே திரையில் இரண்டு குரல்கள் ஒலித்தன. ஒன்று அரசாங்கத்தின் குரல். மற்றது சென்னையிலிருந்து வந்த குரல்.

சென்னைக் குரல் சாதாரணமானதல்ல. 1952 தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’யில் கதாநாயகன் குணசேகரன் பர்மாவிலிருந்து ஊர் திரும்புகிறவன். போர் பிரித்த குடும்பம், கடல் கடந்த பிழைப்பு, திரும்பிய இடத்தில் ஏமாற்றம். சயாம் ரயில் பாதைக்குத் தகப்பனைப் பறிகொடுத்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு இந்தக் கதை எப்படிக் கேட்டிருக்கும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். 1929இல் மலாயா வந்த பெரியார் விதைத்துவிட்டுப் போன சுயமரியாதைச் சிந்தனை இங்கே ஏற்கெனவே வேர்விட்டிருந்தது. அதற்கு நீர் வார்த்ததில் மு. கருணாநிதியின் வசனத்துக்கும் பங்கு உண்டு.

பிறகு எம்.ஜி.ஆர். வந்தார். ‘படகோட்டி’, ‘தொழிலாளி’, ‘விவசாயி’, ‘ரிக்‌ஷாக்காரன்’ என்று படத்தின் பெயரிலேயே உழைப்பவனை உட்காரவைத்தார். இந்த வரிசையில் பால்மரம் வெட்டுபவர் இல்லை. ஆனாலும் தோட்டத்து மக்கள் தங்களை அதில் கண்டுகொண்டார்கள். ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட நூலில் ஒரு கசப்பான கேள்வி கேட்டார்: எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஏழைகளுக்குப் பெரிய நன்மை கிட்டாதபோதும் ஏழைகள் ஏன் அவரைக் கைவிடவில்லை? திரை கட்டிய பிம்பம் வாழ்க்கையின் கணக்கை மறைத்துவிட்டது என்பது அவர் கண்ட விடை. ரசிகர்களுக்கு இது கோபமூட்டலாம். ஆனால் மலேசியாவில் எம்.ஜி.ஆருக்கு ஓட்டுப் போட யாருக்கும் வாய்ப்பு இல்லை. இங்கே அந்தப் பிம்பம் கொடுத்தது துரைக்கும் கிராணிக்கும் முன்னால் நிமிர்ந்து நிற்கும் ஒருவனின் தோற்றம். கோட்டையைப் பிடிக்கும் வேலை அதற்கு இங்கே இருக்கவில்லை. ஒரே படம் இரு கரைகளில் இருவேறு வேலை செய்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

செல்வாக்கு ஒரு வழிப் பாதையும் அல்ல. ஜொகூர் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் 1947 முதல் 1967 வரை இயங்கிய ஷா சகோதரர்களின் படப்பிடிப்புத் தளத்தில் மலாய்ப் படங்களை இயக்கியவர்கள் பலர் இந்தியர்கள். பி.எஸ். ராஜ்ஹான்ஸ் 1948இல் பி. ரம்லியைத் திரைக்குக் கொண்டுவந்தார். எல். கிருஷ்ணன் 1950இல் ‘பக்தி’ படத்தில் அவரைக் கதாநாயகனாக்கினார். பனி மஜூம்தார் 1956இல் ‘ஹங் துவா’வை இயக்கினார். மலாய் மக்கள் தங்கள் சொத்தாகப் போற்றும் அந்தப் பொற்காலத்தில் நம்மவர் வியர்வையும் கலந்திருக்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வானொலியைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேசலாம். நேயர் விருப்பத்தில் பாட்டைக் கேட்டவர்களின் பெயரோடு தோட்டத்தின் பெயரும் வாசிக்கப்படும். தேசப் படத்தில் புள்ளியாகக்கூட இல்லாத தோட்டம், வானொலியில் நாடு முழுவதும் ஒலித்தது. ஜொகூர்க்காரர்களுக்குக் கூடுதல் வசதி. கோலாலம்பூர் ஒரு காதில், சிங்கப்பூர் மறு காதில். ஏரியலைத் தெற்கே திருப்பினால் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியும் கிடைத்தது. நாட்டின் மற்ற மாநிலத்தாருக்கு இல்லாத இந்த இரட்டை வாழ்க்கை, ஜொகூர்த் தமிழரின் பேச்சிலும் ரசனையிலும் என்ன மாற்றம் செய்தது என்பது ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு. வானொலி, தொலைக்காட்சியில் பணியாற்றிப் பின் பேராசிரியரான எழுத்தாளர் ரெ. கார்த்திகேசு, மலேசியத் தொலைக்காட்சியின் 1963 முதல் 1983 வரையிலான வரலாற்றை மலாய் மொழியில் நூலாக எழுதினார். அப்படிப்பட்ட உழைப்பு இன்னும் பல துறைகளுக்குத் தேவைப்படுகிறது.

பின்னர் திடல் போயிற்று. தெப்ராவ், ஸ்கூடாய், மாசாய், கூலாய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டம் இருந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. வீடியோ வந்தது. 1996இல் ஆஸ்ட்ரோ வந்தது. ஊரே சேர்ந்து பார்த்த படத்தை, மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கும் நிலை உண்டாயிற்று. அந்தக் காலத்தில் படம் முடிந்து நடந்துபோகும்போது கிழவர் ஒருவர், “டேய், அது நடிப்புடா” என்று பையனின் தலையில் தட்டுவார். அந்தக் கைதான் முதலில் காணாமல் போனது.

2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, அவற்றில் இந்திய இளைஞர்கள் பெருமளவில் இருந்த செய்தி சமுதாயத்தை உலுக்கியது. உடனே பலரும் சுட்டிக்காட்டியது தமிழ்ச் சினிமாவை. அரிவாளும் கறுப்புக் கண்ணாடியும் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டன என்றார்கள். இது பாதி உண்மைகூட ஆகாது. அதே படங்களைப் பார்த்து மருத்துவரானவர்களும் ஆசிரியரானவர்களும் உண்டு. தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது வீடு, வேலை, பள்ளி, உறவு எல்லாம் ஒன்றாகக் கலைந்த குடும்பத்தில்தான் திரையின் வீரன் அண்ணன் இடத்துக்கு வருகிறான். அதற்காகச் சினிமாக்காரர்களுக்குப் பொறுப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. காசு பார்ப்பவர்கள் கணக்குக் காட்டத்தான் வேண்டும்.

2016இல் ரஜினிகாந்த் நடித்த ‘கபாலி’ வந்தது. தோட்டத் தொழிலாளர் வரலாற்றையும் கோலாலம்பூர் கும்பல்களையும் கதையாக்கிய அந்தப் படத்தின் மலேசியப் பதிப்பில், முடிவில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாக ஓர் எழுத்து வரி சேர்க்கப்பட்டது. இரண்டரை மணி நேரம் கோட்டும் சூட்டும் போட்டு நடந்த மனிதரை ஒரு வரி வெல்லுமா என்று ரசிகர்கள் சிரித்துக்கொண்டே வெளியேறியிருப்பார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ என்ற சிறிய உள்நாட்டுப் படம் வெளிவந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம், தோட்டத்திலிருந்து பெயர்ந்த ஒரு குடும்பம், அப்போய் என்ற துறுதுறுப்பான பையன், அடிக்கும் தகப்பன், கும்பலில் இருக்கும் சித்தப்பன். எந்தச் சினிமாவையும் குற்றம் சாட்டாமல், அந்தப் பையன் எப்படி நழுவுகிறான் என்பதை அது படிப்படியாகக் காட்டியது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களைத் தனிப் பிரிவாக ஒதுக்கியதற்கு எதிர்ப்புக் கிளம்பி, மலாய்க் கலைஞர்களே முன்னின்று குரல் கொடுத்தார்கள். பிரிவுகள் மாற்றப்பட்டன. சிறந்த மலேசியப் படம் என்ற விருதை ‘ஜகாட்’ பெற்றது. அந்தப் பெயரே மலாய் மொழியின் ‘ஜஹாட்’ தோட்டத்துத் தமிழ் நாக்கில் உருமாறிய சொல்தான். அடங்காத பிள்ளையைத் திட்டத் தாய்மார்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள்.